97 நாளும், அம்மாவின் இரண்டு நாளும்

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, இரண்டு வருடமாக நைட் ஷிஃப்ட். போன ஒரு வருடத்தில் ஆறு முறைதான் பீரியட்ஸ் வந்தது. அதிலும் இரண்டு முறை மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்ட பிறகு வந்தது. இப்போது கடைசியாக வந்து 97 நாள் ஆகிறது. வெயிட் 9 கிலோ ஏறி 68 ஆகிவிட்டது. தாடையில் முடி வருகிறது, த்ரெட்டிங் செய்துகொள்கிறேன். ஷிஃப்டினால் வயிறு எரியும், அதற்கு தினமும் கேஸ் மாத்திரை. நீர்க்கட்டியாக இருக்குமா, குழந்தை பிறக்குமா என்று பயமாக இருக்கிறது. கல்யாணமாகாத பெண் லேடி டாக்டரிடம் போனால் யாராவது பார்த்து ஏதாவது பேசுவார்கள், வரன் பார்க்கிற நேரம் என்கிறார் அம்மா. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். 14 வயது தங்கைக்கும் 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது, வயசுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 51 வயது, நின்று 16 மாதம் ஆனபின் போன மாதம் திரும்ப இரண்டு நாள் வந்ததாம். "நம்ம குடும்பத்து உடம்பே அப்படித்தான், பயப்படாதே" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம்மா. உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் படித்தவுடன் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்களுடைய 97 நாள் அல்ல, அம்மாவின் இரண்டு நாள்.

பீரியட்ஸ் வந்து தொடர்ந்து 12 மாதம் ஒரு முறைகூட வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று சொல்வோம். அப்படி நின்ற பிறகு வருகிற ரத்தம் எதுவும் பீரியட்ஸ் இல்லை. இரண்டு நாளானாலும், ஒரே ஒரு நாள் துணியில் கறையாகப் பட்டாலும் அது 'திரும்ப வந்தது' ஆகாது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும்: ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் உட்புறம் மெலிந்து உலர்ந்து போயிருக்கும், அல்லது ஒரு சின்ன சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் கர்ப்பப்பையின் உட்படலத்தில் வருகிற புற்றுநோய்க்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் இதே ரத்தம்தான், வலி இல்லாமல் வருகிற ரத்தம். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் நன்றாகக் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் அது. வலி இல்லையே, இரண்டு நாளில் நின்றுவிட்டதே என்று தள்ளிப்போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் காலம் வீணாகிறது. ஸ்கேனில் அந்தப் படலத்தின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார்கள், கர்ப்பப்பை வாய்க்கும் ஒரு பரிசோதனை இருக்கும். இந்த வாரமே அழைத்துப் போங்கள். அம்மா வரமாட்டேன் என்றால், "எனக்குத் துணைக்கு வாங்க" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், பொய்யில்லையே அது.

சரி, இப்போது நீங்கள்.

முதலில் கணக்கு. ரத்தம் வருகிற முதல் நாளிலிருந்து அடுத்த முறை வருகிற முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும். நிறையப் பேர் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இன்னும் சிலர் மாதாமாதம் ஒரே தேதியில் வர வேண்டும் என்று நினைத்து, போன மாதம் 12-ஆம் தேதி, இந்த மாதம் 8-ஆம் தேதி, ஏதோ கோளாறு என்று ஓடி வருகிறார்கள். நான்கு நாள் முன்பின் ஆவது ஒன்றுமே இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு 21-லிருந்து 35 நாளுக்குள் ஒருமுறை வந்தால் அது சரியான சுற்றுதான். பரீட்சை, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, வெளியூர்ப் பயணம் என்று ஏதாவது ஒன்றால் ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போனால் அதற்காக யாரும் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை, கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் போதும்.

உங்கள் கணக்கு அப்படி இல்லை. ஆறு முறை என்கிறீர்கள், அதில் மாத்திரை போட்டு வந்த இரண்டைக் கழித்துவிடுங்கள், அவை மாத்திரையுடையவை. ஆக, ஒரு வருடத்தில் உங்கள் உடம்பு தானாகக் கொண்டுவந்தது நான்கு முறை. எட்டுக்குக் கீழே போனாலே பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரேயடியாக 90 நாளைத் தாண்டினாலும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது.

எதற்காக இந்த எண்கள் என்று சொல்கிறேன். மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து உத்தரவு வந்து, சினைப்பையில் ஒரு முட்டை வளர்கிறது. அது வளர வளர ஈஸ்ட்ரோஜன் சுரந்து, கர்ப்பப்பையின் உள்ளே மெத்தை மாதிரி ஒரு படலம் தடித்துக்கொண்டே வரும். முட்டை வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்தப் படலத்தைப் பக்குவப்படுத்தும். கர்ப்பம் தரிக்கவில்லை என்றால் 12, 14 நாளில் அந்த ஹார்மோன் இறங்கும், படலம் உதிரும். அதுதான் பீரியட்ஸ். ஒருவருக்கு 41 நாளில் வருகிறது என்றால், முட்டை வெளியாகவே கிட்டத்தட்ட 27 நாள் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். முட்டை வெளியேறவே இல்லை என்றால்? ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருந்துகொண்டிருக்கும், படலம் தடித்துக்கொண்டே போகும், உதிரச் சொல்லி உத்தரவு வராது. பாட்டிமார் சொல்வதுபோல் கெட்ட ரத்தம் உடம்பில் தங்கி விஷமாகிவிடாது, அப்படி எந்த ரத்தமும் எங்கும் சேர்ந்து நிற்பதில்லை. ஆனால் அந்தப் படலம் மாதக்கணக்கில் தடிப்பதில் ஆபத்து இருக்கிறது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண், பள்ளியில் வேலை. பல வருடமாக ஐந்து மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். வராத மாதங்களை ஒரு சௌகரியமாகவே எடுத்துக்கொண்டிருந்தார், இரண்டு பிள்ளைகள் பெற்றாயிற்று, இனி என்ன என்று. ஒருமுறை எட்டு மாதம் கழித்து ஆரம்பித்த ரத்தப்போக்கு மூன்று வாரமாகியும் நிற்கவில்லை, மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபடி வந்தார், ஹீமோகுளோபின் 6. சதை எடுத்துப் பார்த்ததில் படலம் புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலை. நல்லவேளை, முந்தைய நிலைதான். இவரைப் போல எத்தனையோ பேரிடம் வாழ்க்கை முழுவதும் எல்லோரும் கேட்டது "குழந்தை பிறந்ததா" என்ற ஒரே கேள்வி. அதனால்தான் 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மனசு கொதிக்கிறது. தாலி ஏறியதும் சினைப்பைக்கு யார் போய்ச் சொல்வது? கல்யாணத்துக்குப் பிறகு சிலருக்குச் சரியாவது உண்மைதான், வேலையை மாற்றியிருப்பார்கள், இரவில் தூங்கியிருப்பார்கள், எடை குறைந்திருக்கும். அதையெல்லாம் கல்யாணம் இல்லாமலும் செய்யலாம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பற்றி. அது புரோஜெஸ்டிரோன் வகை. ஐந்து, பத்து நாள் போட்டு நிறுத்தினால் சில நாளில் ரத்தம் வரும். தப்பான மருந்து இல்லை, நானும் எழுதித் தருவேன், படலத்தை உதிர வைத்துப் பாதுகாக்க அது வேண்டும். ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்காமல் வர வைக்க மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், வந்துவிட்டதே என்ற நிம்மதியில் காரணம் மறைந்துபோகும். கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்காமல் போடுவது இன்னொரு தப்பு. ஒரு நன்மையும் உண்டு: மாத்திரைக்குப் பிறகு உங்களுக்கு ரத்தம் வந்திருக்கிறது, அப்படியென்றால் உள்ளே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, படலம் வளர்கிறது, வழியில் அடைப்பில்லை. அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் கேஸ் மாத்திரை. இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள், ஆனால் எனக்கு இது முக்கியம். அட்டையைத் திருப்பி, பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. அதனுடன் டொம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு என்று இன்னொரு பெயர் சேர்ந்திருந்தால், அது புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அது. அது கூடினால் பிட்யூட்டரியின் உத்தரவு அடங்கிப்போய் பீரியட்ஸ் தள்ளிப்போகும், நின்றேகூடப் போகும். நம் ஊரில் சீட்டு இல்லாமலே கடையில் கிடைப்பதால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போடுகிறார்கள், இப்படி இரண்டு மருந்து சேர்ந்தது என்பதே தெரியாது. மார்பை அழுத்தாமலே உள்ளாடையில் பால் மாதிரி ஈரம் படுகிறதா என்றும் பாருங்கள். கூடவே விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது இருந்தால் உடனே சொல்ல வேண்டும், அது பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அறிகுறி. மனநோய்க்கான சில மாத்திரைகளும் புரோலாக்டினைக் கூட்டும், ஆனால் அவற்றை யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

இனி நீர்க்கட்டி. அந்தப் பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். கட்டி என்றதும் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியது என்று நினைக்கிறோம். ஸ்கேனில் தெரிகிற அந்தச் சின்னச் சின்னக் குமிழ்கள் வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. 1935-இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை விவரித்தபோது சினைப்பையின் தோற்றத்தை வைத்து விவரித்தார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு வேர் இன்சுலினில் இருக்கிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாததால் அது கூடுதலாகச் சுரக்கிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, முட்டை பாதியில் நிற்கிறது, தாடையில் முடி வருகிறது. உங்கள் கழுத்தின் பின்புறம், அக்குள் மடிப்பில் கறுத்து வெல்வெட் மாதிரி இருக்கிறதா? அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது அழுக்கு இல்லை, இன்சுலின் அதிகமாக இருப்பதன் அடையாளம். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சுற்று தவறுவது, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேனில் அந்தத் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு, புரோலாக்டின் மாதிரி மற்ற காரணங்கள் இல்லை என்றால்தான் பிசிஓஎஸ், அதாவது இந்த நீர்க்கட்டி நோய், என்போம். ஸ்கேனில் மட்டும் தெரிந்து, பீரியட்ஸ் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு அந்த நோய் இல்லை. உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் அது இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கேஸ் மாத்திரையும் தைராய்டும் தெளிவாகாமல் நான் முத்திரை குத்த மாட்டேன்.

குழந்தை பிறக்குமா என்று கேட்டீர்கள். பிறக்கும் என்று நம்பலாம். முட்டை அடிக்கடி வெளியாவதில்லை என்பதுதான் சிக்கல், முட்டை இல்லை என்பதில்லை, அதை வெளியேற வைக்க லெட்ரோசோல் என்ற மாத்திரையே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்றும் நேரடியாகச் சொல்கிறேன்: பீரியட்ஸ் ஒழுங்காக வராதவருக்குக் கர்ப்பம் ஆகாது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. எந்த மாதம் முட்டை வெளியேறும் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. கல்யாணமாகிவிட்டதா, உறவு இருந்திருக்கிறதா என்று கேட்பார்கள். சந்தேகப்பட்டு அல்ல, எந்த முறையில் பரிசோதிப்பது என்று முடிவு செய்யத்தான். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. உறவு இருந்திராத பெண்ணுக்கு உள்ளே கைவைத்துப் பார்ப்பதோ, உள்வழி ஸ்கேனோ இந்தப் பிரச்சினைக்கு வழக்கமாகச் செய்வதில்லை, வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை எல்லோருக்கும் செய்வது, உங்களை மட்டும் செய்யச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை, கொழுப்பு. நைட் ஷிஃப்ட் என்பதை லேபில் சொல்லுங்கள், ஏனென்றால் தூங்கும்போது புரோலாக்டின் இயல்பாகவே ஏறும், நீங்கள் பகலில் தூங்குகிறவர், எழுந்து இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்தில் இருக்கிற மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பிக்கலாம். 1844-இல் தொடங்கி இன்று எழும்பூரில் நடக்கிற அரசு மகப்பேறு மருத்துவமனையும், திருவல்லிக்கேணியில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே ஜனங்கள் சொல்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் இருக்கின்றன. பேரைப் பார்த்துப் பிரசவத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மகளிர் நோய்களுக்கான பிரிவும் உண்டு. யாராவது பார்த்தால், அம்மாவைக் காட்ட வந்தேன் என்று சொல்லுங்கள்.

மருந்து என்னவென்று டெஸ்ட் வந்தபின்தான் தெரியும். கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், பையில் அதைப் பார்த்து அம்மாவும் அதிர்ச்சி அடையாதிருக்க முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். படலத்தைக் காப்பதற்கும் முடி வளர்ச்சியைக் குறைப்பதற்கும் அதைத் தருகிறோம், பின்னால் குழந்தை பிறப்பதை அது கெடுக்காது. ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்தால், ரத்த அழுத்தம் இருந்தால், வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், அப்போது வேறு மருந்து. எடையில் ஐந்து சதவீதம் இறங்கினாலே பலருக்குச் சுற்று திரும்புகிறது, உங்களுக்கு அது கிட்டத்தட்ட மூன்றரை கிலோ. விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் கேன்டீன் பரோட்டாவும் இல்லாமல், வீட்டிலிருந்து சுண்டலோ முட்டையோ கொண்டுபோனாலே பாதி வேலை முடிந்தது. பட்டினி கிடக்காதீர்கள், திடீரென்று எடை குறைத்தாலும் பீரியட்ஸ் நின்றுபோகும். அம்மா தருகிற எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் நல்ல சாப்பாடு, அளவாகச் சாப்பிடுங்கள், ஆனால் 97 நாள் வராததை எள்ளோ பப்பாளியோ வர வைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஷிஃப்ட் மாற்றிக் கேட்க முடியுமென்றால் கேளுங்கள், டாக்டரின் கடிதம் உதவும்.

தங்கையை விட்டுவிடுங்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. வயசுக்கு வந்த முதல் சில வருடங்களில் மூளைக்கும் சினைப்பைக்கும் பேச்சுவார்த்தை இன்னும் பழகவில்லை, 45 நாள் வரை போவது இயல்பு. அவளுக்கு இப்போது நீர்க்கட்டி ஸ்கேன் எடுக்கவே கூடாது, அந்த வயதில் நிறையப் பெண்களுக்குச் சினைப்பை அப்படித்தான் தெரியும், வீணாக ஒரு பெயரைச் சுமப்பாள். 90 நாளைத் தாண்டினால், அல்லது மூன்று வருடம் கழித்தும் இப்படியே இருந்தால் பார்க்கலாம். ஒரு விஷயம் மட்டும் அவளிடம் கேளுங்கள்: வரும்போது எவ்வளவு போகிறது, பள்ளியில் யூனிஃபார்ம் நனைகிறதா, எட்டு நாளைத் தாண்டுகிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று. ஆரம்பத்திலிருந்தே கொட்டுகிற பெண்களில் சிலருக்கு ரத்தம் உறைவதில் குறை இருக்கும், அதைத் தேடாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அவசரம் எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், மூவருக்கும் பொருந்தும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனால், பெரிய நெல்லிக்காய் அளவு கட்டி கட்டியாக விழுந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாகச் சொன்னது கர்ப்பம் குழாயில் தங்கியதாக இருக்கலாம்.

போகிற அன்றைக்குப் பையில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: நினைவிருக்கிற வரை பீரியட்ஸ் வந்த தேதிகள், அதில் மாத்திரையால் வந்தது எது என்று ஒரு குறி, கேஸ் மாத்திரையின் காலி அட்டை, கடையில் வாங்கிய அந்த இன்னொரு மாத்திரையின் அட்டை, அம்மாவுக்குக் கடைசியாக நின்ற மாதமும் போன மாதம் ரத்தம் பட்ட தேதியும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு சிறுநீர் போகாமல் இருங்கள். அம்மாவின் சீட்டை முதலில் போடுங்கள், உங்களுடையது அடுத்து.